சாய்வை எந்த முனையில் பிடிப்பது?

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பழைய சிவிக், சுவிப்ட், மார்ச் என்று ஒன்றை வாங்கி ரேசுக்குத் தயார் செய்கிற பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான்: "வளைவில கார் வள்ளம் மாதிரிச் சரியுது, என்ன போடலாம்?" பதிலுக்குக் காத்திராமல் பஞ்சிகாவத்தைக்குப் போய், கையிலுள்ள காசுக்குக் கிடைக்கிற மிக இறுக்கமான ஸ்பிரிங்கை நான்கு சக்கரத்துக்கும் போட்டுவிடுகிறார்கள். சாய்வு குறைகிறது. ஆனால் ஸ்டியரிங்கைத் திருப்பத் திருப்ப கார் வளையாமல் வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகிறது. முன்சக்கரங்கள் இழுக்கிற காரில், என்ன போடுகிறோம் என்பதற்கு முன் எந்த முனையில் போடுகிறோம் என்று பார்க்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு. 950 கிலோ எடை, தரையிலிருந்து 50 சென்றிமீற்றர் உயரத்தில் ஈர்ப்பு மையம், இடது வலது சக்கரங்களுக்கு நடுவே 1.4 மீற்றர். புவியீர்ப்பின் 0.9 பங்கு விசையோடு வளைந்தால், உட்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கத்துக்கு ஏறத்தாழ 305 கிலோ பாரம் மாறும். எந்த ஸ்பிரிங்கைப் போட்டாலும் இந்தத் தொகை அநேகமாக அப்படியேதான் இருக்கும். அதை முன் அச்சு எவ்வளவு சுமப்பது, பின் அச்சு எவ்வளவு சுமப்பது என்ற பங்கீடு மட்டுமே நம் கையில். கூடுதலாகச் சுமக்கிற அச்சு பிடிமானத்தை இழக்கும். முன் டயர்கள் ஏற்கெனவே காரின் எடையில் பத்தில் ஆறு பங்கைத் தாங்கி, திருப்பி, இழுத்துக் களைத்தவை. அவற்றுக்கு இன்னும் சுமை ஏற்றுவது அநியாயம்.

ஆகவே என் முதல் தெரிவு பின்பக்க ஸ்டெபிலைசர் பார். நேரோட்டத்தில் இது தலையிடாது; கார் சாயும்போதுதான் முறுகி எதிர்க்கும். விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப அதன் இறுக்கம் ஏறும். 16 மில்லிமீற்றர் பாரைக் கழற்றி 20 போட்டால் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. அதனால் ஒரேயடியாகத் தாவ வேண்டாம். நுனிக் கையில் இரண்டு மூன்று துளைகள் உள்ள பார் கிடைத்தால் கூடக் காசு கொடுத்தாலும் பரவாயில்லை. லிங்கை உள் துளைக்கு மாற்றினால் கை குறுகி இறுக்கம் கூடும், வெளித் துளையில் தளரும். பாரைப் பிடிக்கிற இடத்துத் தகட்டையும் பலப்படுத்துங்கள். பழைய காரில் முதலில் கிழிவது அதுதான்.

பின் உட்சக்கரம் நிலத்தை விட்டு எழும்பினால் பயப்படாதீர்கள். பழைய மினிகள் ரேசில் மூன்று சக்கரத்தில் வளைவதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் சக்கரம் எழும்பிய பிறகு பின்பாரை இன்னும் தடிப்பாக்குவதில் பயனில்லை. அதற்கு மேல் வரும் சாய்வை முன்பக்கம்தான் தாங்க வேண்டும். இன்னொரு ஆபத்தும் உண்டு. பின்பக்கம் மிகை இறுக்கமாக இருக்கையில் வளைவின் நடுவில் அக்சிலேட்டரைச் சட்டென்று விட்டால் பின்பகுதி சுழன்று வரும். புதிய அமைப்பைப் பயிற்சி நாளில், ஆளில்லாத இடத்தில் பழகுங்கள். 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை பொக்ஸ் ஹில்லில் தடத்தை விட்டு விலகிய கார் பார்வையாளர்கள் மீது பாய்ந்து ஏழு பேர் இறந்ததை மறக்க முடியாது. அணைக்கு அப்பால் நிற்பது மனிதர்கள்.

ஸ்பிரிங் இரண்டாவது. பின்பக்கத்தை முன்பக்கத்தைவிடக் கூடுதலாக இறுக்குங்கள். சுருளை வெட்டுவது மலிவுதான். ஆறு சுருளில் ஒன்றை வெட்டினால் இறுக்கம் ஐந்தில் ஒரு பங்கு ஏறும். ஆனால் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஸ்பிரிங் இருக்கையை விட்டுக் கழன்று விடக்கூடாது. காஸ் சுவாலையால் சூடாக்கிக் காரைத் தாழ்த்தச் சொல்கிற பாஸிடம் வேலை கொடுக்காதீர்கள். இரும்பின் பதம் போய்விடும்.

தாழ்த்துவது பற்றித்தான் அதிகத் தவறு நடக்கிறது. நம் கணக்கில் 25 மில்லிமீற்றர் தாழ்த்தினால் 305 கிலோ 290 ஆகும், அவ்வளவுதான். மக்பர்சன் ஸ்ட்ரட் உள்ள காரிலோ, ஈர்ப்பு மையம் இறங்குவதைவிட வேகமாகச் சாய்வு மையம், அதாவது கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சரிகிறதோ அது, கீழே போய்விடும். இரண்டுக்கும் இடைவெளி கூடுவதால், தாழ்த்திய காரைச் சாய்க்கும் நெம்புகோல் முன்பைவிட நீளமாகிவிடும். காரை நிலத்தில் நிறுத்திக் குனிந்து கீழ்க்கையைப் பாருங்கள். சக்கரப் பக்க நுனி மேலேறி நின்றால் அளவுக்கு மீறித் தாழ்த்தியாயிற்று. ஒன்றில் உயர்த்துங்கள், அல்லது போல் ஜொயிண்டுக்கு இடைத்துண்டு போடுங்கள். முன்னுக்கு இரட்டை விஷ்போன் உள்ள 1990களின் சிவிக்கில் இந்தத் தொல்லை குறைவு.

சொக் அப்சோபர் சாய்வின் அளவைக் குறைக்காது, சாயும் வேகத்தைத்தான் அடக்கும். நீண்ட வளைவில் கார் கடைசியில் அதே கோணத்துக்கு வந்து நிற்கும். பழையது கசிந்தால் மாற்றுங்கள். சாய்வுக்கு மருந்தாக வாங்க வேண்டாம்.

செலவு குறைந்த, பலர் தொடாத வழி கம்பர், அதாவது சக்கரம் செங்குத்திலிருந்து சரிந்து நிற்கும் கோணம். ஸ்ட்ரட் காரில் உடல் மூன்று பாகை சரிந்தால் வெளி முன்சக்கரமும் அதில் பெரும்பகுதி சரிந்து டயரின் வெளி ஓரத்தில் ஓடும். உண்மையில் நம்மைத் தோற்கடிப்பது அதுதான். நின்ற நிலையிலேயே மேல்நுனியை இரண்டரை, மூன்று பாகை உள்ளே சாய்த்து வைத்தால், அந்தச் சரிவுக்குப் பிறகு டயர் நேராகப் பதியும். டயரின் தோளில் வெண்கட்டியால் கோடு போட்டு நான்கைந்து சுற்று ஓடிப் பாருங்கள். கோடு பக்கச் சுவர் வரை அழிந்திருந்தால் கம்பர் போதாது, அல்லது காற்று போதாது.

கட்டுக்குருந்தவில், உலகப்போர்க் காலத்துப் பிரித்தானியக் கடற்படை விமானத்தளத்தின் ஓடுதளத்தில், தாருக்கு மேல் ஓடுகிறீர்கள் என்றால் பின்பாரும் கம்பரும் போதும். பொக்ஸ் ஹில் செம்மண்ணுக்கு அதே கார் பொருந்தாது. அங்கே மேடு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏற வேண்டும், சாய்வைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க வட்டத் தடங்களில் இடப்பக்கம் மட்டுமே திரும்புகிறார்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு ஸ்பிரிங், மூலைக்கு மூலை எடை மாற்றம் என்று அவர்கள் செய்வதெல்லாம் இரு பக்கமும் வளைகிற நம் தடங்களில் ஒரு வளைவில் கை கொடுத்து அடுத்ததில் கவிழ்க்கும்.

மழை வந்தால் பின்பாரின் ஒரு லிங்கைக் கழற்றிவிடுங்கள். பத்து நிமிட வேலை; ஸ்பனரை ரேஸ் பெட்டியின் மேல்தட்டில் வையுங்கள்.