அறுபதைத் தாண்டியவர்களுக்கு போனும் கம்ப்யூட்டரும்: பொள்ளாச்சியில் ஒரு வகுப்பு நடத்துவது எப்படி?

கிராமத்தில் வீட்டுக்கு ஒருவருக்காவது கம்ப்யூட்டர் கற்றுத்தர வேண்டும் என்று 2017-ல் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. இலக்கு ஆறு கோடி வீடுகள். 20 மணி நேரப் பயிற்சி. 2024 மார்ச்சோடு அது முடிந்தும் போயிற்று. நல்ல திட்டம்தான். ஆனால் அதில் சேர வயது 14 முதல் 60 வரை இருக்க வேண்டியிருந்தது. பென்ஷனுக்கும் பேங்குக்கும் ஆஸ்பத்திரிக்கும் அதிகம் அலைகிற வயது எதுவோ, அந்த வயதுக்காரர்களுக்கு அதில் இடமிருக்கவில்லை. அந்த வேலையை அக்கம்பக்கத்தில் இருக்கிற நாம்தான் எடுத்துச் செய்தாக வேண்டும்.

முடியாத காரியம் அல்ல. கோபாலபுரம் தாண்டினால் கேரளா. அங்கே செய்து காட்டிவிட்டார்கள். திருவனந்தபுரம் மாவட்டத்தின் புல்லம்பாறை பஞ்சாயத்தில் 2021-ல் தொடங்கிய முயற்சி மாநிலம் முழுக்கப் பரவி, 2025 ஆகஸ்ட் 21 அன்று கேரளாவே முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. 21 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பயிற்சி முடித்தார்கள். நூறு வயதைக் கடந்தவரும் அதில் உண்டு. தன்னார்வலர்கள் நூறு நாள் வேலை நடக்கிற இடத்துக்கும் வீடுகளுக்கும் நேரில் போனார்கள். 1991-ல் புதுக்கோட்டை அறிவொளி இயக்கமும் இப்படித்தான் ஆட்களைத் தேடிப் போய் எழுத்துக் கற்பித்தது.

இடமும் நேரமும்

வியாழக்கிழமை வேண்டாம், சந்தை நாள். பெரியவர்கள் ஏற்கனவே கூடுகிற இடமாகப் பாருங்கள்: பால் ஊற்றிவிட்டு உட்காரும் சொசைட்டித் திண்ணை, கோயில் மண்டபம், மகளிர் குழுக் கூட்டம், கிளை நூலகம். ஒரு அமர்வு முக்கால் மணி நேரம் போதும். இரண்டு அல்லது மூன்று பெரியவர்களுக்கு ஒரு இளைஞர் என்ற கணக்கில் ஆள் சேருங்கள். சொந்தப் பேரனைவிடப் பக்கத்து வீட்டுப் பையனிடம்தான் அவர்கள் தயங்காமல் கேட்பார்கள். "இதுகூடத் தெரியலையா" என்ற வார்த்தை ஒருமுறை வாயில் வந்தால் அடுத்த வாரம் அவர் வரமாட்டார்.

போனைத் தயார் செய்தல்

பாடத்துக்கு முன்னால் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். அவரவர் போனையே கொண்டுவரச் சொல்லுங்கள். செட்டிங்ஸில் எழுத்தைப் பெரிதாக்குங்கள், வெளிச்சத்தைக் கூட்டுங்கள், மொழியைத் தமிழுக்கு மாற்றலாமா என்று அவரிடமே கேளுங்கள். கீழே மூன்று பொத்தான் தெரிகிற மாதிரி வையுங்கள். விரலை இழுத்துத் திரும்பிப் போகிற முறை முதியவர்களைக் குழப்பும்.

அடுத்தது நிறையப் பேர் கவனிக்காத விஷயம். தேங்காய் உரித்தும் கயிறு திரித்தும் காய்ப்பேறிய விரல் மென்மையாகத் தட்டாது, அழுத்தி நிற்கும். வாட்ஸப்பைத் திறக்க ஒரு ஆத்தா விரலை வைக்கிறார். எடுக்க அரை நொடி தாமதம். அதற்குள் போன் அதை "தொட்டுப் பிடிக்கிறார்" என்று புரிந்துகொண்டு வேறொரு பட்டியலைக் காட்டுகிறது. "கண்ணு, என்னத்தையோ அமுக்கிப்போட்டனாட்ட இருக்குது" என்று கையைப் பின்னால் இழுத்துக்கொள்கிறார். அவர் மேல் தப்பே இல்லை. ஆண்ட்ராய்டு போனில் அணுகல்தன்மைப் பகுதிக்குள் தொட்டுப் பிடிக்கும் நேரத்தை நீளமாக்கும் வசதி இருக்கிறது. அதை மாற்றிக் கொடுங்கள். விரல் வறண்டிருந்தால் லேசாக ஈரம் தொட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பாதிப் பயம் இதிலேயே போய்விடும்.

ஒரு நாளைக்கு ஒரு வேலை

"கம்ப்யூட்டர் என்றால் என்ன" என்று ஆரம்பிக்காதீர்கள். வந்தவரிடம், "உங்களுக்கு எதுங்க முதல்ல வேணும்?" என்று கேளுங்கள். ஒருவருக்கு வெளியூர்ப் பேத்தி முகம் பார்க்க வேண்டும். இன்னொருவருக்குத் தேங்காய், கொப்பரை விலை தெரிய வேண்டும். அவருக்குத் தமிழக வேளாண்மைத் துறை 2018-ல் கொண்டுவந்த உழவன் செயலியில் சந்தை விலைப் பகுதி போதும். படிக்கச் சிரமப்படுபவருக்கு மைக் பொத்தான்; தமிழில் பேசினால் எழுத்தாக விழும்.

கற்றுத்தருகிறவருக்கு ஒரே ஒரு சட்டம்: போன் அவர் கையைவிட்டு உங்கள் கைக்கு வரக்கூடாது. நீங்கள் சொல்லுங்கள், அவர் தொடட்டும். வழி தவறினால் திரும்பி வரும் பொத்தானைக் காட்டி, மறுபடி முதலிலிருந்து போகச் சொல்லுங்கள். நீங்கள் வாங்கிச் செய்து கொடுத்தால் வேலை முடியும். அவர் ஒன்றும் கற்றிருக்க மாட்டார். போகும்போது ஒரு நோட்டில் படிகளைத் தன் கையால், தன் வார்த்தையில் எழுதிக்கொள்ளட்டும். எழுதத் தெரியாதவர் படம் போட்டுக்கொள்ளட்டும். அடுத்த அமர்வில் பழையதைத் தானாகச் செய்த பிறகுதான் புதியது.

மவுஸ், கீபோர்டு வேண்டும் என்பவர்கள் சிலரே. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கணக்குப் பார்த்தவர்கள். மவுஸில் இரட்டை கிளிக் வேகத்தைக் குறைத்து வையுங்கள். தமிழ் அடிக்க விரும்பினால் தமிழ்99 விசைப்பலகை பழகட்டும்.

லைஃப் சர்டிபிகேட்

உயிரோடு இருப்பதற்கான இந்தச் சான்றை மத்திய அரசுப் பென்ஷன்தாரர்கள் நவம்பர் மாதம் கொடுக்க வேண்டும். எண்பது வயதைக் கடந்தவர்கள் அக்டோபர் முதலே கொடுக்கலாம். இதற்கான ஜீவன் பிரமாண் வசதி 2014 நவம்பரில் வந்தது. முகத்தைக் காட்டியே கொடுக்கும் முறை 2021-ல் சேர்ந்தது. ரேகை தேய்ந்தவர்களுக்கு இது பெரிய உதவி. ஆதார் ஃபேஸ் ஆர்டி, ஜீவன் பிரமாண் என்ற இரண்டு செயலிகளும் வேண்டும். ஆதார் எண், பென்ஷன் ஆணை எண், பேங்க் கணக்கு எண் மூன்றையும் எடுத்துவரச் சொல்லுங்கள். முகத்தில் வெளிச்சம் விழுகிற பக்கம் உட்காரவைத்து, கண் சிமிட்டச் சொல்லுங்கள். ஒரே போனில் பலருக்குச் செய்யலாம். செப்டம்பரிலேயே வகுப்பைத் தொடங்கினால் நவம்பரில் நெரிசல் இருக்காது.

பணம்

இதை அவசரப்படுத்தாதீர்கள். போன் கைக்குப் பழகிய பிறகே யுபிஐ. முதல் பரிமாற்றம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு ரூபாய். பின் எண்ணை அவர் அடிக்கும்போது நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். அதுவும் ஒரு பாடம். இந்த நான்கையும் ஒவ்வொரு வகுப்பிலும் திரும்பச் சொல்லுங்கள்:

பணம் வாங்குவதற்குப் பின் எண் தேவையே இல்லை, கேட்டால் திருட்டு.

ஓடிபியை மகனே கேட்டாலும் போனில் சொல்லக்கூடாது.

"டிஜிட்டல் அரெஸ்ட்" என்று எந்தச் சட்டமும் இல்லை. வீடியோவில் போலீஸ் உடையில் மிரட்டினால் துண்டித்துவிட வேண்டும்.

பணம் போய்விட்டால் உடனே 1930 எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்.

ஏமாந்தவர் பெரும்பாலும் வெளியே சொல்லமாட்டார். வீட்டில் திட்டுவார்கள், போனைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயம். நேரம் போகப் போகப் பணத்தை நிறுத்தும் வாய்ப்பு குறையும். அதனால் "எது நடந்தாலும் எங்ககிட்ட வந்து சொல்லுங்க, யாரும் கோவிச்சுக்க மாட்டோம்" என்று முதல் நாளே வாக்குக் கொடுங்கள். அந்த வாக்கை வீட்டாரிடமும் வாங்கி வையுங்கள்.

பெரிய அறை, புரொஜெக்டர், அரசு அனுமதி எதற்கும் காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெருவில் இரண்டு பெரியவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவர்கள் போனில் எழுத்தைப் பெரிதாக்குவதில் தொடங்குங்கள்.