பள்ளிக்கூடமும் ஓர் அமானிதமே



நம் மஹல்லாத் தாய்மார்கள் சிலர் அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் உறுப்பினர்களாக உள்ளனர். குழுவில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், "கூப்பிட்டாங்க, கையெழுத்துப் போட்டுட்டு வந்தேன்" என்கிறார்கள். அந்தக் கையெழுத்தின் பொறுப்பு என்ன என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 21ஆம் பிரிவில் இக்குழுவைப் பற்றிச் சொல்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினராவது பெற்றோர் அல்லது பாதுகாவலராக இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் உரிய இடம் உண்டு. அதாவது, படித்தவர்களும் பெரிய மனிதர்களும் மட்டும் பேசும் சபை அல்ல இது.

குழுவின் முக்கிய வேலைகள் மூன்று:

1. பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பது.
2. பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரித்துப் பரிந்துரைப்பது. கழிப்பறை, குடிநீர், வகுப்பறைத் தேவைகளை இங்கேதான் எழுத்தில் வைக்க வேண்டும்.
3. அரசிடமிருந்தும் பிற வழிகளிலும் வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது.

ஒரு வேறுபாட்டை நினைவில் வையுங்கள். 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சிறுபான்மையினர் பள்ளிகள் அல்லாத அரசு உதவி பெறும் பள்ளிகளில் இக்குழு ஆலோசனை மட்டுமே கூறலாம். மதரஸாக்களுக்கு இச்சட்டம் பொருந்தாது. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இந்தக் குழு கட்டாயமில்லை.

கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மில் பலர் தயங்குகிறோம். பயான்களில் அடிக்கடி கேட்கும் சம்பவம் ஒன்று உண்டு. எல்லோருக்கும் ஒரே அளவு துணி கிடைத்திருக்க, உங்களுக்கு மட்டும் முழு ஆடை எப்படி வந்தது என்று கலீஃபா உமர் (ரலி) அவர்களிடமே ஒருவர் சபையில் கேட்டார். உமர் (ரலி) கோபப்படவில்லை. தம் பங்கைத் தந்தைக்குக் கொடுத்ததாக அவர்களின் மகன் எழுந்து விளக்கம் சொன்னார். கேட்டவருக்கும் குறைவில்லை, பதில் சொன்னவருக்கும் குறைவில்லை.

எனவே, தீர்மானத்தைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள். படிக்கத் தெரியாவிட்டால் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். செலவுக்கு ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் உறவினருக்கே பள்ளி வேலை தரப்படுமானால், அதைச் சபையில் சொல்லிவிட்டு அந்த முடிவிலிருந்து ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

இது எங்கள் அறக்கட்டளைக்கும் பொருந்தும். எங்கள் கணக்கையும் நீங்கள் தாராளமாகக் கேட்கலாம்.

அமானிதத்தைப் பேணுவோராக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்குவானாக. ஆமீன்.