மழைக்காலச் சேறும் குதிரை வளர்ப்பும்

விதைப்பது வேலை, அறுப்பது வேலை, சந்தைக்குக் கொண்டுபோவது வேலை என்பதை யாவரும் அறிவர். ஆனால் மழை ஓய்ந்து நிலம் இறுகும்வரை காத்திருப்பதும் ஒரு வேலையே என்பதைப் பலர் ஒப்புக்கொள்வதில்லை. கால்நடை வளர்ப்போருக்கு அது மிக முக்கியமான வேலையாகும். முன்யோசனையோடு காத்திருப்பவன் பிழைக்கிறான். யோசனையின்றிக் காத்திருப்பவன் கடன்படுகிறான். இதனைக் குதிரை வளர்ப்பை உதாரணமாகக் கொண்டு இப்பாடத்தில் ஆராய்வோம்.

ஜட்கா வண்டிகள் மறைந்துவிட்ட இக்காலத்திலும் சென்னையின் தென்புறத்துக் கிராமங்களில் குதிரை வைத்துப் பிழைப்போர் உண்டு. கலியாண ஊர்வலத்திற்கும் சவாரி பழக்குவதற்கும் குதிரைகள் வேண்டியிருக்கின்றன. நம் மாகாணத்தில் குதிரை வளர்ப்பு நேற்று ஏற்பட்டதன்று. கும்பினியார் 1824-ஆம் ஆண்டிலேயே தங்கள் சேனைக்குக் குதிரை வளர்ப்பதற்காக ஓசூரில் ஒரு பண்ணையை ஏற்படுத்தினர். அதுவே பிற்காலத்தில் மாட்டுப் பண்ணையாக மாறியது. ஆனால் ஓசூரின் மேட்டு நிலம் வேறு, வண்டலூரைச் சுற்றியுள்ள நிலம் வேறு.

சீமையிலும் வட அமெரிக்காவிலும் பனி உருகும் வசந்த காலத்தில் குதிரைப் பண்ணைகள் சேறாகிவிடும். நமக்கோ அந்தத் துன்பம் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வருகிறது. ஆண்டு மழையில் பாதிக்கு மேற்பட்டது வடகிழக்குப் பருவக்காற்றால் இம்மாதங்களை ஒட்டியே பெய்கிறது. வண்டலூர்க் குன்றின் சரிவில் விழும் நீர் விரைவில் வடிந்துவிடும். ஆனால் ஆதனூர், முடிச்சூர், வரதராஜபுரம் முதலிய அடையாற்றுப் பக்கத்துத் தாழ்ந்த நிலங்களில் அது நாட்கணக்கில் தங்கும். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதிக்கும் இரண்டாம் தேதிக்கும் இடையே, 24 மணி நேரத்தில், தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்து இவ்வூர்கள் வெள்ளத்தில் மூழ்கியதை ஒருவரும் மறந்திரார்.

சேறு செய்யும் தீங்கு யாது?

குதிரையின் குளம்பு நகத்தைப் போன்ற பொருளால் ஆனது. நீரில் ஊறினால் அது மெதுவாகும். குளம்பின் அடியில் முக்கோண வடிவாயுள்ள மெத்தென்ற பாகத்தில் சேறும் இலத்தியும் அடைந்து காற்றுப் புகாமற் போனால், அங்கே அழுகல் உண்டாகிக் கருநிறக் கசிவும் துர்நாற்றமும் தோன்றும். கணுக்காலின் தோல் ஊறினால் அதன் வழியே நோய்க்கிருமிகள் நுழைந்து பொருக்குப் புண்களை உண்டாக்கும். ஆழமான சேறு லாடத்தைப் பற்றி இழுத்து, ஆணியோடு குளம்பின் ஓரத்தையும் பெயர்த்துவிடும். குளம்பு மாதத்திற்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்வதால், ஒரு நாளில் பெயர்ந்தது சரியாகப் பல மாதங்கள் ஆகும்.

நிலத்திற்கும் தீங்கு உண்டு. ஈர மண்ணைக் குதிரை மிதித்தால் மண்ணின் நுண்துளைகள் அடைபட்டு, அடுத்த மழைநீர் இறங்காமல் தேங்கும். புல்லின் வேரும் அறுபடும். ஆகவே ஒரு வாரம் பொறுக்காதவன் ஒரு பருவத்துப் புல்லை இழக்கிறான்.

கண்ணாற் கண்ட ஓர் உதாரணம்

வண்டலூருக்கு அருகில் ஓர் அங்கத்தினர் சங்கத்தில் கடன் பெற்று இரண்டு குதிரைகள் வைத்திருந்தார். கார்த்திகை மாதத்தில் அவருடைய தவணை வந்தது. பத்து நாள் மழையில் குதிரைகள் லாயத்திலேயே நின்றமையால் வருமானம் இல்லை. அடுத்த வாரம் முகூர்த்த நாட்கள் இருந்தன. தவணையைக் கேட்டு அவர் வாசலில் நின்றவன் அடியேனே. "ஐயா, நிலம் இன்னும் காயவில்லை; நாலு நாள் பொறுங்கள்" என்றார் அவர். நான் கெடுவைச் சொன்னேனேயன்றி, நிலத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் மழை சற்று விட்டது. முகூர்த்தத்திற்கு முன் குதிரைகளுக்குக் கால் பழக வேண்டுமென்று அவர் அவற்றைத் தாழ்ந்த தோட்டத்தில் விட்டார். ஒன்று ஓடிச் சேற்றில் லாடத்தை இழந்தது. குளம்பின் ஓரமும் உடைந்தது. அது மீண்டும் வேலைக்கு வந்தது பங்குனியில்தான். கார்த்திகை முகூர்த்தமும் போயிற்று, தை முகூர்த்தமும் போயிற்று. நாலு நாள் பொறுத்திருந்தால் வந்திருக்கக்கூடிய தவணை, நாலு மாதத்திற்குப் பின்னும் முழுமையாக வரவில்லை. அவருடைய குற்றம் சிறிது. தவணையை மழை மாதத்தில் வைத்த எங்கள் குற்றமே பெரிது. பின்னர் பஞ்சாயத்தார் கூடி அவருடைய தவணையை மாசி மாதத்திற்கு மாற்றினர். அன்று முதல் அது தவறாமல் வருகிறது.

காத்திருக்கும் முறை

1. மழைக்கு முன்னரே, புரட்டாசிக்குள், லாயத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டுக. கூரை நீர் வாசலில் விழாதபடி செய்க.

2. மேட்டில் ஒரு சிறு இடத்தை மழைக்காலத்திற்கென்றே ஒதுக்குக. மேல் மண்ணை நீக்கி, ஜல்லி பரப்பி, அதன்மேல் மணலோ கல் தூளோ போட்டு இறுக்குக. அந்த ஓர் இடம் மிதிபட்டாலும் மற்ற நிலமெல்லாம் பிழைக்கும்.

3. இலத்தியைத் தினம் இருமுறை அள்ளுக. ஒரு குதிரை நாளொன்றுக்கு 15 கிலோவுக்குக் குறையாமல் இலத்தி போடும். அறுபது நாளில் அது ஏறக்குறைய ஒரு டன் ஆகும். அள்ளாவிட்டால் அது சேறு; அள்ளிக் குழியிலிட்டால் அது எரு.

4. குளம்பைத் தினந்தோறும் தூக்கிப் பார்த்துச் சுத்தம் செய்க. காலிலுள்ள சேற்றை அடிக்கடி கழுவுதல் தவறு. உலரவிட்டுத் தூரிகையால் தேய்த்து உதிர்ப்பதே நன்று. துர்நாற்றம், வீக்கம், நொண்டல் கண்டால் உடனே கால்நடை வைத்தியரை அழைக்கவும். குதிரைக்கு இசிவு நோய் எளிதில் பற்றுமாதலால் தடுப்பூசியை மழைக்கு முன்பே போட்டுவிட வேண்டும்.

5. வேலையில்லாத நாளில் கொள்ளைக் குறைத்துப் புல்லை அதிகமாக்குக. சும்மா நிற்கும் குதிரைக்கு முழுத் தீனி கொடுத்து, பின் திடீரென வேலை வாங்கினால் தசைகள் இறுகி நோய் காணும். காலையும் மாலையும் கெட்டியான பாதையில் கையிற் பிடித்து நடத்துக.

6. வயலில் குதிகாலை அழுத்தி ஊன்றிப் பார்க்கவும். பள்ளத்தில் நீர் ஊறினால் வாயிற்படலைத் திறவாதீர்.

சங்கத்தின் கடமை

இவை யாவற்றிற்கும் பொருள் வேண்டும். 400 கிலோ எடையுள்ள குதிரைக்குத் தானியம் நீங்கலாக நாளொன்றுக்குச் சுமார் 6 கிலோ உலர்ந்த புல் தேவை. அறுபது நாளைக்கு 360 கிலோ. மழை பிடித்தபின் தேடினால் புல் கிடைப்பதரிது. கிடைத்தாலும் நனைந்து பூஞ்சணம் பிடித்திருக்கும். அதைத் தின்ற குதிரை வயிற்று வலியால் மாளவும் கூடும். ஆகவே பலர் கூடிக் கோடையிலேயே மொத்தமாக வாங்கி, தரையில் படாமல் பலகைமேல் அடுக்கிவைப்பது உத்தமம்.

செங்கற்பட்டு ஜில்லாவாயிருந்த பகுதியில், திரூரில், 1904-ஆம் ஆண்டில் ஐக்கிய நாணயச் சங்கம் தோன்றியது, தனித்து நின்றால் தாங்கமுடியாத சுமையைப் பலர் கூடித் தாங்கும்பொருட்டே. மழைக்காலமும் அத்தகைய சுமையே. ஒவ்வொரு முகூர்த்த வருமானத்திலும் ஒரு சிறு பகுதியை மழை நிதியாகச் சேமித்தால், ஐப்பசியில் பொறுமை தானே வரும். கையில் தீனியும் பெட்டியில் பணமும் இல்லாதவனிடம் பொறுமையை உபதேசிப்பதில் பயனில்லை.

சங்கக் கூட்டத்தில் விவாதிக்கத்தக்க வினாக்கள்

1. நம் ஊரில் மழைக்குப்பின் நீர் கடைசியாக வடியும் இடம் எது? அங்கே கால்நடை கட்டுவோர் எத்தனை பேர்?

2. நம் அங்கத்தினரின் தவணைகளில் எவை வருமானமில்லாத மாதங்களில் விழுகின்றன?

3. மழை நிதியை இவ்வாண்டே தொடங்குவதற்குத் தடை யாது?