வழிநின்று காட்டல்

அறவுரை கூறுவோர் பலர். அதன்வழி நின்று காட்டுவோர் சிலர். கேட்போர் உள்ளத்தை மாற்றும் ஆற்றல் பின்னவர்க்கே உண்டு. காந்தியடிகள் மதுரையில் மேற்கொண்ட ஆடை மாற்றம் இதற்குச் சான்றாகும்.

1921ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். அயல்நாட்டுத் துணியைத் துறந்து கதர் அணியுமாறு மக்களை அவர் வேண்டிவந்தார். சென்னையிலிருந்து மதுரைக்குத் தொடர்வண்டியில் வரும்போது, உடன் பயணித்தோரிடமும் அதனையே வலியுறுத்தினார். கதர் வாங்க இயலாத ஏழைகள் தாங்கள் என்றனர் அவர்கள். அம்மறுமொழியில் இருந்த உண்மை அவரை உறுத்தியது. தொப்பியும் மேலாடையும் நீண்ட வேட்டியும் அணிந்த ஒருவர், மாற்றுத்துணிக்கும் வழியற்றோரிடம் யாது கூற இயலும்?

செப்டம்பர் 22 அன்று, மதுரை மேலமாசி வீதியில் தாம் தங்கியிருந்த இல்லத்தில் அவர் அரையாடைக்கு மாறினார். பிறரும் அவ்வாறே உடுத்த வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. சிறிதளவு கதரே போதும் என்பதைத் தாமே உடுத்திக் காட்டினார். அக்டோபர் இறுதிவரை எனத் தொடங்கிய அந்நோன்பு வாழ்நாள் முழுவதும் நீடித்தது. 1931இல் இலண்டனில் மன்னரைச் சந்தித்தபோதும் அவ்வாடை மாறவில்லை.

பிறர்க்கு நாம் கூறும் கடமையின் அருமையை முதலில் நாமே செய்து உணர்தல் வேண்டும். அவ்வாறு உணர்ந்தவர் சொல்லையே மக்கள் ஏற்பர்.

சிந்திக்க: பிறரிடம் நீங்கள் எதிர்பார்க்கும் ஒழுக்கங்களுள், நீங்கள் இன்னும் பின்பற்றாதது எது?