மென்மையும் முழு வேக்காடும்: எக் பைட்ஸை இட்லிப் பாத்திரத்தில் செய்யும் முறை

கீமோதெரபி பெறுவோரின் இல்லத்தார் உணவியல் பிரிவுக்கு வந்து அமர்ந்ததும் பெரும்பாலும் ஒரே குறையைச் சொல்வர்: "தொண்டையில் ஒன்றுமே இறங்கவில்லை." வாய்ப்புண்ணும் நாவறட்சியும் குமட்டலும் சேர்ந்துகொண்டால் சோறுகூட முள்ளாகிவிடும். அதன்பின், "ஆனாலும் உடம்பு தேறவேண்டும் என்று தினமும் பாலில் பச்சை முட்டையை அடித்துக் கொடுக்கிறோம்" என்றோ, "ஆஃப்பாயில் மட்டும் சாப்பிடுகிறார்" என்றோ சற்றுப் பெருமிதத்துடன் கூறுவர். அந்த இடத்தில் நாங்கள் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டுப் பேச வேண்டியிருக்கிறது.

முட்டையில் சால்மொனெல்லா என்னும் நுண்ணுயிரி இருக்கக்கூடும். அது ஓட்டின்மேல் ஒட்டியிருப்பதோடு நின்றுவிடுவதில்லை. கோழிக்கே தொற்று இருப்பின், ஓடு உருவாவதற்கு முன்னரே முட்டையின் உள்ளேயும் புகுந்துவிடும். விரிசலின்றித் தூய்மையாகத் தோன்றும் முட்டையும் இதற்கு விலக்கன்று. நலமாயிருப்பவருக்குச் சில நாள் வயிற்றுப்போக்கோடு முடிவது, வெள்ளணுக்கள் குறைந்திருப்பவருக்கும், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டு நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து உட்கொள்பவருக்கும் குருதியில் பரவி உயிருக்கே ஊறு செய்யலாம். பச்சை முட்டையில் சத்து மிகுதி என்ற நம்பிக்கையும் சரியன்று. பெல்ஜிய ஆய்வாளர்கள் 1998-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், வேகவைத்த முட்டையின் புரதத்தில் ஏறத்தாழ 91 விழுக்காடு செரிமானமாயிற்று. பச்சை முட்டையிலோ 51 விழுக்காடே.

அப்படியாயின் அவித்த முட்டையைக் கொடுக்கலாமே என்பீர்கள். கொடுக்கலாம். ஆனால் வாய்ப்புண் உள்ளவருக்கு அதன் மஞ்சள் கரு மாவாய் உதிர்ந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வெண்கரு ரப்பராய் நிற்கும். இரண்டு வாய்க்குமேல் உண்ணமாட்டார். நமக்கு வேண்டுவது மென்மையாகவும் முழுதும் வெந்ததாகவும் உள்ள முட்டை. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. வெண்கரு ஏறத்தாழ 62 டிகிரி செல்சியசில் இறுகத் தொடங்குகிறது. மஞ்சள் கரு 65-க்கு மேல் தடித்து 70-ஐ ஒட்டிக் கெட்டிப்படுகிறது. முட்டை கலந்த பண்டங்களின் நடுப்பகுதி 71 டிகிரியை எட்டவேண்டும் என்பது அமெரிக்க வேளாண்மைத் துறையின் வரையறை. சூடு அதனைவிட வெகுவாக ஏறும்போதுதான் புரதங்கள் சுருங்கி, தம்மிடமுள்ள நீரைப் பிழிந்து வெளியேற்றுகின்றன. அதுவே முட்டையை ரப்பராக்குகிறது. ஆக, பாதுகாப்பின் எல்லைக்கு மேலே, வறட்சியின் எல்லைக்குக் கீழே, ஓர் இடைவெளி நமக்கு இருக்கிறது.

எக் பைட்ஸ் என்னும் சிற்றுண்டி இந்த இடைவெளியில்தான் வேகிறது. முட்டையையும் பாலாடைக்கட்டியையும் சேர்த்து அடித்து, சிறு அச்சுகளில் ஊற்றி வேகவைப்பர். 2017 ஜனவரியில் ஸ்டார்பக்ஸ் காப்பிக் கடைகள் இதனை அமெரிக்காவில் விற்கத் தொடங்கியபின் பலரும் வீட்டில் செய்யலாயினர். "சூ வீட்" என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு "வெற்றிடத்தில்" என்பது பொருள். உணவை உறையிலிட்டுக் காற்றை நீக்கி, வெப்பம் மாறாத நீரில் நெடுநேரம் வைக்கும் முறை அது. வீட்டில் எக் பைட்ஸ் செய்வோர் கண்ணாடிக் குப்பிகளில் ஊற்றி, 78 டிகிரி அளவிலான நீரில் ஒரு மணி நேரம் அமிழ்த்தி வைப்பதால், வெற்றிடம் என்பது அங்கே பெயரளவில்தான். அதற்கென்று கருவி வாங்க வேண்டியதில்லை. நம் இட்லிப் பாத்திரமும் சிறு தீயும் போதும்.

நான்கு முட்டை, 80 கிராம் மென்மையான பன்னீர், நான்கு மேசைக்கரண்டி காய்ச்சி ஆறிய பால், ஒரு தேக்கரண்டி சோளமாவு, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். விரிசல் விட்ட முட்டையை விலக்கிவிடுங்கள். எல்லாவற்றையும் மிக்சியில் மழமழவென்று அடித்து, நுரை அடங்கப் பத்து நிமிடம் விட்டு வடிகட்டுங்கள். சோளமாவு, முட்டை திரிந்து நீர் விடாமல் காக்கும். உப்புப் பார்க்கிறேன் என்று கலவையை நாவில் வைக்க வேண்டா. கைப்பழக்கம் விடாது என்பதை அறிவேன், ஆயினும் அது பச்சை முட்டை. ஆறு சிறு எவர்சில்வர் கிண்ணங்களில் நெய் தடவி, முக்கால் அளவு ஊற்றி, நீராவி சொட்டாதபடி ஒவ்வொன்றையும் அலுமினியத் தாளால் மூடுங்கள்.

இட்லிப் பாத்திரத்தில் நீர் கொதித்ததும் தீயை நன்றாகக் குறைத்துவிட்டுக் கிண்ணங்களைத் தட்டின்மேல் வையுங்கள். மூடியின் ஓரத்தில் ஒரு மரக்கரண்டியின் காம்பைச் செருகிச் சிறு இடைவெளி விடுங்கள். செய்முறையின் உயிர்நாடி இதுவே. இல்லையேல் உள்ளே ஆவி 100 டிகிரியை நெருங்கி முட்டை பொங்கிவிடும். பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடத்தில் வெந்துவிடும். நடுவில் கத்தி நுனியைச் செருகினால் ஈரக் கலவை ஒட்டாமல் வரவேண்டும். சமையல் வெப்பமானி இருப்பின் நடுப்பகுதியில் 75 டிகிரி காட்டும்வரை வையுங்கள்; நோயெதிர்ப்புக் குன்றியவர் வீட்டில் அது ஒரு நல்ல முதலீடு. வெட்டிப் பார்க்கையில் உள்ளே துளைதுளையாய் இருந்தால் சூடு மிகுந்துவிட்டது என்று பொருள். இட்லிக்கு அழகு செய்யும் துளைகள் இங்கே குற்றம். ஆனாலும் அதை உண்பதில் தீங்கில்லை. மறுமுறை தீயை இன்னும் குறையுங்கள்.

ஒரு கிண்ணத்தில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் கிடைக்கும். வாய்ப்புண் இருக்கும்வரை மிளகும் மிளகாயும் தக்காளியும் வேண்டா. ஆவி அடங்கி இளஞ்சூடானபின் ஊட்டுங்கள். விழுங்குவதில் இடர் உள்ளவருக்கு எத்தகைய பதத்தில் தரலாம் என்பதைச் சிகிச்சைக் குழுவினரிடம் முதலில் கேட்டறியுங்கள்.

வெள்ளணு குறைந்த நாட்களில் அவ்வேளைக்கு வேண்டியதை அவ்வேளையில் செய்வதே நன்று. மற்ற நாட்களில், மிஞ்சியதை ஆறியதும் இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, மூன்று நாட்களுக்குள், ஆவி பறக்க மீண்டும் சூடாக்கித் தாருங்கள். காலையில் செய்ததை மாலைவரை மேசைமேல் மூடி வைப்பது, குறிப்பாகச் சித்திரை வெயிலில், கூடாது. பச்சை முட்டை பட்ட மிக்சிக் குடுவையையும் மேடையையும் கைகளையும் சோப்பிட்டுக் கழுவியபின் மற்ற வேலையைத் தொடுங்கள்.

சிறுநீரக நோயாளிகளின் கணக்கு வேறு. டயாலிசிஸ் செய்துகொள்வோருக்குப் புரதம் கூடுதலாகத் தேவை. அந்நிலைக்கு வராதோருக்கு அது வரையறுக்கப்பட்டிருக்கலாம். முட்டையின் பாஸ்பரஸ் பெரும்பாலும் மஞ்சள் கருவில் உள்ளது, பன்னீரிலும் உண்டு. பாஸ்பரஸ் உயர்ந்திருப்பின், ஒரு முட்டைக்கு ஈடாக இரண்டு வெண்கரு என மாற்றி, பன்னீரையும் குறைக்க வேண்டிவரும். இதனை வீட்டில் ஊகித்துச் செய்யாமல், அடுத்த முறை வரும்போது அண்மைய இரத்தப் பரிசோதனை அறிக்கையுடன் உணவியலாளரைப் பாருங்கள். அவர் அளவைக் குறித்துத் தருவார்.