லேடரை வாசித்த பின்பே பட்டையை வாசியுங்கள்

புத்தளம் கரையில் பி.சி.ஆர். சோதனை என்றால் சனங்களுக்கு இறால்தான் நினைவு வரும். 1996இல் வெண்புள்ளி நோய் வந்து சிலாபம் முதல் புத்தளம் வரை பண்ணைகளைப் புரட்டிப்போட்டது. ஒரு பண்ணை வெளியே விடும் தண்ணீரை ஒல்லாந்தர் கால்வாய் வழியே அடுத்த பண்ணை உள்ளே இழுக்கும் கரை இது. ஒருவர் குளத்தில் வைரசு புகுந்தால் அயலவர் குளமும் தப்பாது. அதனால்தான் குஞ்சுகளைக் குளத்தில் விடுமுன் சோதிக்கிறோம். அந்த முடிவு உங்கள் ஜெல்லில் ஒரு பட்டையாக வந்து நிற்கும். அதைச் சரியாக வாசிக்க ஆய்வுகூடத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்வது இது.

1. லேடர், அதாவது நீளம் தெரிந்த டி.என்.ஏ. துண்டுகளின் கலவை, ஓடாத ஜெல்லுக்கு முடிவு எழுதாதீர்கள். படிக்கல் இல்லாமல் தராசில் இறால் நிறுக்க எந்த வியாபாரியும் துணியமாட்டார். டி.என்.ஏ.க்கு எதிர்மின்னேற்றம் இருப்பதால் அது நேர்முனையை நோக்கி ஓடும். குட்டையானது முந்தும், நீளமானது பிந்தும். ஆனால் எவ்வளவு தூரம் என்பது அகரோஸின் செறிவு, வோல்ட், பஃபர், ஓடிய நேரம் எல்லாவற்றையும் பொறுத்தது. நேற்றைய ஜெல்லில் பட்டை நின்ற இடம் இன்றைக்குச் சாட்சி ஆகாது.

2. எந்த நீளத்தைத் தேடுகிறீர்கள் என்பதை ஜெல் ஊற்றுமுன்பே கொப்பியில் எழுதுங்கள். 1996இல் தாய்வானில் லோவும் அவரது குழுவினரும் வெளியிட்ட இரட்டைச் சுற்று முறையில், வெண்புள்ளி வைரசு முதற்சுற்றில் 1447 பேஸ் சோடியும் இரண்டாம் சுற்றில் 941 பேஸ் சோடியும் தரும். மாதிரியில் இறாலின் டி.என்.ஏ. நன்றாக வந்திருக்கிறதா என்று பார்க்கும் கட்டுப்பாட்டுப் பட்டை 848. இந்த இரண்டையும் நன்றாகக் கவனியுங்கள்: 941 வைரசு, 848 இறால். இடையில் 93 பேஸ் சோடிதான். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே இடம். 100 பேஸ் சோடி லேடரில் 848 என்பது 800க்கும் 900க்கும் நடுவில் நிற்கும்; 941 என்பது 900ஐத் தாண்டி நிற்கும். அந்தப் படிகள் பிரியாத ஜெல்லில் நல்ல குஞ்சை நோய்க்குஞ்சு என்பீர்கள். அதைவிடக் கேடாக, நோய்க்குஞ்சை நல்லதென்று அனுப்பிவிடுவீர்கள்.

3. உங்கள் பட்டைக்கு மேலும் கீழும் படி உள்ள லேடரை எடுங்கள். 1000இல் முடியும் லேடரை வைத்து 1447ஐ ஊகிக்க வேண்டாம். 1500 வரை போகும் லேடர் இருக்கிறது, அதை வாங்கச் சொல்லுங்கள். பெரும்பாலான 100 பேஸ் சோடி லேடர்களில் 500உம் 1000உம் பிரகாசமாக எரியும். எண்ணத் தொடங்க அவையே நல்ல இடம். ஆனாலும் கம்பனி தந்த படத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், எல்லாக் கம்பனியும் ஒன்றல்ல.

4. ஜெல்லின் இரு ஓரத்திலும் லேடர் விடுங்கள். வோல்ட் கூடினால் நடு வரிசைகள் சூடேறி முந்தும், பட்டைகள் வளைந்து சிரிக்கும். ஒரே ஓரத்து லேடர் அதைக் காட்டாது. மாதிரியில் உப்புக் கூடினால் அந்த வரிசை மட்டும் மெதுவாக ஓடும் என்பதையும் மனதில் வையுங்கள். லேடரைக் கொதிக்க வைக்காதீர்கள். இழைகள் பிரிந்தால் படிகள் நம்பத்தகாதவை ஆகும்.

5. அவசரப்படாதீர்கள். அகரோஸ் 1.5 முதல் 2 சதவீதம், மின்முனைகளின் இடைவெளியில் சென்ரிமீற்றருக்கு 5 வோல்ட் அளவு. நீலச் சாயம் ஜெல்லின் பாதியைக்கூடத் தாண்டாதபோது நிறுத்தினால் 800, 900, 1000 மூன்றும் ஒட்டிக்கொண்டிருக்கும். பின்னேரம் பண்ணைக்காரர் லொறியோடு வாசலில் நின்றாலும், படிகள் பிரிந்த பிறகே நிறுத்துங்கள்.

6. லேடர் நீளத்தை மட்டும் சொல்லும். அது யாருடைய டி.என்.ஏ. என்று சொல்லாது. ஆகவே நோயுள்ளதென்று உறுதியான மாதிரி ஒன்றும், வெறும் தண்ணீர் ஒன்றும் ஒவ்வொரு தடவையும் பக்கத்திலேயே ஓட வேண்டும். தண்ணீர் வரிசையில் 941 தெரிந்தால் அன்றைய ஜெல் முழுவதும் வீண். மேசையைத் துடைத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள், யாரிடமும் விவாதிக்காதீர்கள்.

7. படத்தை வெட்டாதீர்கள். இரு லேடரும் குழிகளும் தெரியும்படி முழு ஜெல்லையும் எடுத்து, திகதி, குஞ்சுத் தொகுதி எண், லேடரின் பெயர் மூன்றையும் எழுதி வையுங்கள். மங்கலான பட்டையைப் பார்த்துவிட்டு "இருக்கலாம்" என்று எழுதாமல், அதே மாதிரியிலிருந்து டி.என்.ஏ. பிரித்து மீண்டும் ஓட்டுங்கள். பட்டை வராத மாதிரிக்கு "நோயற்றது" என்றும் எழுத வேண்டாம். 848 தெளிவாக நின்று 941 இல்லையென்றால் மட்டும் "சோதித்த மாதிரியில் வைரசு கண்டறியப்படவில்லை" என்று எழுதுங்கள். 848உம் வரவில்லையென்றால் அது முடிவே அல்ல. புதிய குஞ்சு மாதிரி கேளுங்கள்.