ஆய்வுத் தலைப்பும் சாத்துக்குடித் தோலும்

கட்டுமாவடியிலும் அதையடுத்த கடற்கரையூர்களிலுமிருந்து வேதியியல் முதுகலை பயிலச் செல்லும் பிள்ளைகள், இறுதியாண்டு ஆய்வுக்குச் சாத்துக்குடி, பம்பளிமாசு முதலிய கனிகளின் ஃபிளேவனாய்டுகளைத் தேர்வது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், எவ்வழியில் ஆராய்வது என்பதைத் தோழர்களின் மோகமும், "கம்ப்யூட்டர்னு இருந்தாத்தான் வேலை கிடைக்கும்" என்னும் தகப்பனாரின் நிர்ப்பந்தமுமே தீர்மானிப்பதைக் கண்டபின் வாளாவிருக்க இயலவில்லை.

தோலிலிருந்து பிரித்தெடுத்தல், ஆய்வகத்தில் தொகுத்தல் ஆகிய இரண்டும் பழைய ராஜபாட்டைகள். குளித்தலையில் 1900-இல் பிறந்த டி. ஆர். சேஷாத்ரியும், பேக்கர்–வெங்கடராமன் மறுவமைப்பால் அறியப்படும் கே. வெங்கடராமனும் நடந்த பாதைகளுக்கு என் பரிந்துரை வேண்டியதில்லை.

இன்று பிள்ளைகளை மயக்குவது டாக்கிங். புரதத்தின் குழிவில் ஒரு மூலக்கூற்றைப் பொருத்திப் பிணைப்பாற்றலை மதிப்பிடும் இக்கணக்கு, எதைக் கொடுத்தாலும் ஓர் எண்ணைத் தந்தே தீரும்; மூலக்கூறு பருத்ததாயின், தொடும் இடங்கள் மிகுவதால், எண்ணும் பெரும்பாலும் கவர்ச்சியாகவே அமையும். 2020-இல் கொரோனாக் கிருமியின் புரதத்தோடு, சாத்துக்குடித் தோலிலுள்ள ஃபிளேவனாய்டான ஹெஸ்பெரிடினைப் பொருத்திய கட்டுரைகள் மலிந்தன. ஆனால், குளுக்கோஸும் ராம்னோஸும் இணைந்த இரட்டைச் சர்க்கரையைச் சுமக்கும் அப்பொருள் சிறுகுடலில் பெரும்பாலும் உறிஞ்சப்படாமல் கடந்து, பெருங்குடல் பாக்டீரியாக்கள் சர்க்கரையை அறுத்தபின் ஹெஸ்பெரெட்டினாகி, குளுக்குரோனைடாகவும் சல்பேட்டாகவும் உருமாறியே பெரிதும் ரத்தத்தில் உலவுகிறது. திரையில் பொருந்தியது ஒன்று, உடலில் திரிவது வேறொன்று!

வாய்மொழித் தேர்வொன்றில், ஹெஸ்பெரிடின் கசக்குமா என்று கேட்டேன். ஆண்டு முழுதும் அதனோடு கணினியில் உறவாடிய மாணவர் விழித்தார். கசக்காது. அதே ஹெஸ்பெரெட்டின், அதே இரு சர்க்கரைகள். ராம்னோஸ் மட்டும் குளுக்கோஸின் ஆறாம் கரியணுவை விட்டு இரண்டாம் கரியணுவில் அமர்ந்தால் நியோஹெஸ்பெரிடின், கடுங்கசப்பு. பம்பளிமாசின் கசப்புக்குக் காரணமான நாரிஞ்சினிலும் சர்க்கரைகள் இவ்வாறே பிணைந்துள்ளன. அமைப்பு என்பதன் அர்த்தத்தை இதைவிடச் சுருக்கமாக எந்தத் திரையும் போதிக்காது.

தோலுலர்த்தி வளர்ந்தவனாதலின் எனக்குப் பட்சபாதமுண்டு. பெட்ரோலியம் ஈதரால் எண்ணெய் நீக்கி, மெத்தனாலில் வடித்துச் சுண்டவைத்தபின், படிகம் தன் சித்தப்படியே வரும். குடுவையை மணிக்கொருமுறை சுரண்டிப் பார்ப்போருக்கு இது ஆகாது, அவர்கள் தொகுப்புக்குப் போகலாம். கணிதத்தில் மெய்யான நாட்டமுடையோர் குவாண்டம் வேதியியலை முறையாகப் பயின்று, டாக்கிங் தரும் அந்த எண் பிறக்கும் விதத்தையே விசாரிக்கட்டும். தோலுக்கு வருவோர் கோடையிலேயே ஜூஸ் கடையில் சொல்லிவைப்பது நலம். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் நம் கடற்காற்றில் தோல் உலராது, பூசணமே மிஞ்சும்.